மூன்று மீட்டர் கேபிள் போட்டால் சார்ஜ் மெதுவாக ஏறுமா?

கேள்வி – 6 ஜனவரி 2024

கேபிள் நீளமானால் சார்ஜ் மெதுவாகும் என்பது கட்டுக்கதை. என்னிடம் 1 மீட்டர் கேபிளும் 2 மீட்டர் கேபிளும் இருக்கின்றன. இரண்டிலும் 80-லிருந்து 100 வரை ஏறும் நேரத்தைக் குறித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். சார்ஜர் நல்லதாக இருந்தால் போதும், கேபிள் எவ்வளவு நீளம் இருந்தால் என்ன? மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

பதில் – 6 ஜனவரி, இரவு 9.40

மறுக்கிறேன். எங்கள் வீட்டிலேயே இது நடக்கிறது.

அப்பாவுக்கு 74 வயது. தீபாவளிக்கு முந்தின வாரம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று, ஆனால் எழுந்து நடமாட இன்னும் நாளாகும். கூடத்தில் ஜன்னலோரம் கட்டில். பிளக் பாயிண்ட் இருப்பது எதிரே டிவி மாட்டிய சுவரில், ஒன்பது அடி தள்ளி. போனில்தான் அவருக்கு நாள் போகிறது. பேத்தியோடு வீடியோ கால், மதியம் கதாகாலட்சேபம், இரவில் பழைய பாட்டு. சார்ஜ் போட்டால் போனைக் கையில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றார். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு கடையில் 3 மீட்டர் கேபிள் வாங்கினேன், 150 ரூபாய்.

அன்றிலிருந்துதான் தொல்லை. சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு 40 சதவீதத்தில் செருகுவார். நான்கு மணிக்கும் அதே 40, சில நாள் 38. செருகித்தான் இருக்கிறது, மின்னல் குறியும் தெரிகிறது, ஆனால் ஏறவில்லை. சார்ஜர் அதே பழைய சார்ஜர். மாறியது கேபிள் மட்டும்.

7 ஜனவரி, காலை 7.15

ஆதாரம் கேட்டீர்கள். கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி மீட்டர் என்னிடம் உண்டு. சார்ஜருக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகினால் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று காட்டும். அப்பாவின் போன் பழையது, 10 வாட்தான் எடுக்கும், அதாவது 5 வோல்ட்டில் 2 ஆம்ப். மைக்ரோ யூஎஸ்பி பின், கடையில் வி8 பின் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

போனோடு பெட்டியில் வந்த 1 மீட்டர் கேபிள்: 5.1 வோல்ட், 1.6 ஆம்ப்.
புதிய 3 மீட்டர் கேபிள்: 5.1 வோல்ட், 0.45 ஆம்ப்.

கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். படம் ஓடும்போது திரைக்கும் வைஃபைக்கும் ஆகிற செலவே கிட்டத்தட்ட இவ்வளவு வரும். வரவும் செலவும் சரியாகப் போய்விட்டால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

எங்களுக்குப் பேராவூரணி பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தெரிய வாரக்கணக்கில் ஆகும். வந்தாலும் மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம்தான். நீளக் கேபிளும் அப்படித்தான். போகிற வழியிலேயே மின்சாரம் குறைந்துவிடுகிறது.

8 ஜனவரி, இரவு 10.20

நேற்று எழுதிய கடைமடை உவமை தப்பு. எடுத்துவிடாமல் திருத்தமாகவே எழுதுகிறேன்.

வாய்க்காலில் தண்ணீர் கசியும், பிரியும், ஆவியாகும். ஒயரில் அப்படி எதுவும் நடக்காது. சார்ஜர் பக்கம் 0.45 ஆம்ப் புறப்பட்டால் போன் பக்கமும் அதே 0.45-தான் வந்து சேரும். குறைவது வோல்ட், அதாவது அழுத்தம். நான் மீட்டரைச் சார்ஜர் பக்கம் செருகியதால் இரண்டு கேபிளிலும் 5.1 என்றே காட்டியது. அந்த முனையில் அழுத்தம் எப்படிக் குறையும்? பார்க்க வேண்டியது மறுமுனை.

மாடித் தொட்டியிலிருந்து கீழே வரும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலக் குழாயை நீளமாக இழுத்தால் கடைசிக் குழாயில் தண்ணீர் நூலாக வரும். வழியில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, வேகம்தான் போய்விட்டது.

ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. அழுத்தம் குறைந்தால் ஆம்ப் ஏன் 0.45-க்கு இறங்க வேண்டும்? போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் வருகிற வோல்ட்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அது சுமார் 4.4-க்குக் கீழே சரியப் பார்த்தால், உடனே தான் இழுக்கும் ஆம்பைக் குறைத்துக்கொள்ளும். இழுப்பைக் குறைத்தால் வழியில் அழுத்தம் குறைவதும் குறையும் அல்லவா? அப்படித் தாங்குகிற அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்கும். மெலிந்த சார்ஜரையும் மோசமான கேபிளையும் சமாளிக்க வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு இது.

கணக்கும் போட்டேன். கேபிள் உறையில் மங்கலாக 28 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருக்கிறது, கம்பியின் தடிமனைச் சொல்லும் எண் அது. அந்தக் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. மூன்று மீட்டருக்கு 0.64. சார்ஜரின் 5.1-லிருந்து 4.4 வரை நமக்குக் கிடைக்கிற இடைவெளி 0.7 வோல்ட். 0.7-ஐ 0.64-ஆல் வகுத்தால் 1.1 ஆம்ப் வரவேண்டும். மீட்டர் 0.45 என்கிறது. எங்கோ இடிக்கிறது.

9 ஜனவரி, காலை 6.50

இடித்த இடத்தை ஒரு நண்பர் சொல்லிவிட்டார். போகிற ஒயரை மட்டும் எண்ணினேன், திரும்புகிற ஒயரை விட்டுவிட்டேன். சிவப்பில் போனது கறுப்பில் திரும்பி வரவேண்டும். மூன்று மீட்டர் கேபிள் என்றால் மின்சாரத்துக்கு ஆறு மீட்டர் நடை. 1.28 ஓம். இரண்டு முனைப் பின்களின் தொடுப்புக்கு 0.1 சேர்த்தால் கிட்டத்தட்ட 1.4. 0.7-ஐ 1.4-ஆல் வகுத்தால் 0.5 ஆம்ப். பக்கத்தில் வந்துவிட்டது. நன்றி.

9 ஜனவரி, மதியம்

மீதி 0.05 எங்கே போனது என்றும் தெரிந்துவிட்டது. அப்பா போனைச் சட்டைப் பையில் வைப்பவர். அதே பையில் விபூதிப் பொட்டலமும் இருக்கும். போனின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் பஞ்சுபோல நூல்தூசி, அதில் விபூதி சேர்ந்து அடை மாதிரி இறுகிக் கிடந்தது. போனை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியின் நுனியைச் சீவி, மெதுவாக நெம்பி எடுத்தேன். உளுந்து அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. பின் இப்போது முழுசாக உள்ளே போய் ‘டக்’ என்று உட்காருகிறது.

மறுபடி அளந்தேன். பெட்டிக் கேபிளில் 1.6 இருந்தது 1.9 ஆனது. 3 மீட்டரில் 0.45 இருந்தது 0.5.

ஊசி, குண்டூசி போட்டுக் குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் நாக்கு வளைந்தால் போனே போயிற்று.

11 ஜனவரி, இரவு 11.05

இன்று என் முதல் பதிலையே பாதி திருத்த வேண்டியிருக்கிறது. நீளம்தான் எதிரி என்று அடித்துச் சொன்னேன். வீட்டு டிராயரில் கிடந்த கேபிள்களை எல்லாம் எடுத்து வரிசையாக அதே சார்ஜர், அதே போனில் போட்டுப் பார்த்தேன். போன் ஒவ்வொரு தடவையும் 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அதற்கு ஒரு முழு மாலை போனது.

ஒரு ஸ்பீக்கரோடு வந்த மெல்லிய 1 மீட்டர் கேபிள்: 1.3 ஆம்ப்.
22 ஏடபிள்யூஜி என்று அச்சிட்ட தடித்த 2 மீட்டர் கேபிள்: 1.88 ஆம்ப்.

இரட்டை நீளமுள்ளது ஜெயித்துவிட்டது. ஆக நீளம் பாதி விஷயம், தடிமன் மீதி விஷயம். இந்த எண்ணில் ஒரு குழப்பம் உண்டு: எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28-ம் எண் கம்பியின் குறுக்களவு 0.32 மில்லிமீட்டர், 22-ம் எண் 0.64. ஆறு எண் இறங்கினால் குறுக்களவு இரட்டிப்பு, மின்தடை கால்பங்கு. மூன்று எண் இறங்கினால் மின்தடை பாதி. இதை மனதில் வைத்தால் கடையில் நின்றே கணக்குப் போட்டுவிடலாம்: நீளத்தை இரட்டிப்பாக்கினால் மூன்று எண் இறங்கிய கம்பி வேண்டும், அப்போது சமன்.

உறையில் ‘28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி’ மாதிரி இரண்டு எண் இருந்தால் இரண்டாவதைப் பாருங்கள். முதலாவது டேட்டா போகும் ஜோடி, இரண்டாவது மின்சாரம் போகும் இரண்டு கம்பிகள். வெளியே நைலான் பின்னல் போட்டுத் தடியாகத் தெரிவதை நம்ப வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு.

12 ஜனவரி, மாலை

அந்த 3 மீட்டர் கேபிளை அறுத்தே பார்த்துவிட்டேன். செம்பு பூசிய அலுமினியமாக இருக்கலாம் என்று இருவர் சந்தேகப்பட்டிருந்தீர்கள். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

மேலுறையை பிளேடால் கீறியதும் ஒரு மெல்லிய அலுமினியத் தாள், அதற்குள் நான்கு ஒயர். சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. நான்கும் ஒரே தடிமன். அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது, மின்சாரக் கம்பிக்கென்று தனியாகத் தடிமன் தரவில்லை. சிவப்பை உரித்தால் ஏழு இழை. ஒரு இழையை நகத்தால் பிடித்து பிளேடால் சுரண்டினேன். உள்ளேயும் சிவப்புதான், வெள்ளையாக எதுவும் தெரியவில்லை. செம்பேதான். என் கணக்கு 0.5 என்று பொருந்தி வந்ததற்கும் அதுதான் காரணம்; அலுமினியமாக இருந்திருந்தால் இன்னும் கீழே போயிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. 1 மீட்டருக்குப் போடும் கம்பியை 3 மீட்டருக்கு நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

14 ஜனவரி

போகி. வீட்டில் வேலை அதிகம். ஒரே ஒரு பதில்: ஆமாம், கேபிளைச் சுருட்டி வைத்தாலும் நீட்டி வைத்தாலும் மின்தடை ஒன்றுதான். ஆனால் இறுக்கிச் சுருட்டினால் சூடு போக வழியில்லை, தளர விடுங்கள்.

18 ஜனவரி, இரவு 10.30

“என் போனுக்கு 2 மீட்டர் மெல்லிய கேபிள்தான், ஒரு பிரச்சினையும் இல்லை” என்று எழுதிய சகோதரிக்கு. உங்கள் சார்ஜர் 9 வோல்ட் தருகிறதா என்று பாருங்கள். எல்லாம் அதில் இருக்கிறது.

என் போன் டைப் சி, 18 வாட், 9 வோல்ட்டில் எடுக்கும். போன் பக்கம் செருகும் டைப் சி மீட்டர் ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். 28-ம் எண் கம்பியுள்ள 2 மீட்டர் கேபிளைப் போட்டேன். முதலில் பழைய 5 வோல்ட் சார்ஜர்: 0.74 ஆம்ப், போன் முனையில் 4.4 வோல்ட், அதாவது 3.3 வாட். அதே கேபிள், 9 வோல்ட் சார்ஜர்: 1.6 ஆம்ப், போன் முனையில் 7.6 வோல்ட். 12 வாட்!

ஒரே கம்பி, ஒரே நீளம். 5 வோல்ட்டில் குறைய இடமே இல்லை, 0.7 போனால் போன் அடங்கிவிடுகிறது. 9 வோல்ட்டில் 1.5 போனாலும் தாங்குகிறது, ஏனென்றால் போன் அதை எப்படியும் உள்ளே பேட்டரியின் 4 வோல்ட் சொச்சத்துக்கு இறக்கித்தான் ஏற்றப்போகிறது. ஆனாலும் வழியில் 2.4 வாட் கேபிளைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. கையில் பிடித்தால் வெதுவெதுப்பு தெரிந்தது. நல்ல 1 மீட்டர் கேபிளில் அதே சார்ஜர் போனுக்கு 15 வாட்டுக்கு மேல் கொடுத்தது.

மின்வாரியம் நூறு கிலோமீட்டருக்கு 230 கிலோவோல்ட்டில் கொண்டுவந்து, ஊருக்குள் 11 கிலோவோல்ட்டாக்கி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில்தான் வீட்டு அளவுக்கு இறக்குவதும் இதே காரணத்துக்குத்தான். ஒரே வாட்டுக்கு வோல்ட் இரட்டிப்பானால் ஆம்ப் பாதி, வழியில் சூடாகி வீணாவது கால்பங்கு. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மின்விசிறி எப்படிச் சுற்றுகிறது என்று.

19 ஜனவரி, காலை

மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு. 9 வோல்ட் சார்ஜர் போட்டும் 5-லேயே நிற்கிறது என்றால் கேபிளில் டேட்டா ஒயர் இல்லாமல் இருக்கலாம். போனும் சார்ஜரும் அந்த ஒயர் வழியாகப் பேசிக்கொண்டுதான் 9-க்கு ஏறும். இரண்டு பக்கமும் டைப் சி என்றால் அந்தப் பேச்சுக்கே தனி ஒயர் இருக்கிறது. பேச்சு நடக்காவிட்டால் வேகமும் இல்லை. கம்பி தடியாக இருந்தும் மெதுவாக ஏறுகிற கேபிள்களில் இதையும் பாருங்கள்.

20 ஜனவரி, இரவு

80 வாட் போன் வைத்திருப்பவருக்கு: உங்கள் வகை வேறு. ஓப்போ 2014-ல் கொண்டுவந்த வூக் என்ற வேகச் சார்ஜ் முறை, 2016-ல் ஒன்பிளஸின் டேஷ் சார்ஜ், இரண்டும் 5 வோல்ட்டிலேயே சுமார் 4 ஆம்ப் அனுப்பின. பின்னால் வந்த 65 வாட் சூப்பர்வூக் 10 வோல்ட்டில் 6.5 ஆம்ப். வோல்ட்டை மட்டும் நம்பாமல் ஆம்பையும் ஏற்றும் வழி. போனுக்குள் சூடு குறையும், ஆனால் அத்தனை ஆம்பையும் கேபிள் தாங்கவேண்டும். அதனால்தான் பெட்டியில் தடித்த தனிக் கேபிள் தருகிறார்கள். அந்தக் கேபிள் இல்லையென்று தெரிந்தால் போன் தானே சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். உங்களுக்கு 2 மீட்டர் வேண்டுமென்றால் அதே வகைக்கென்று விற்பதைத்தான் வாங்க வேண்டும்.

லேப்டாப்புக்கு எந்தக் கேபிள் என்று கேட்டவருக்கும் இதிலேயே பதில். சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்ப் வரை. 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்ப் வேண்டுமென்றால் கேபிளின் பின்னுக்குள் ‘என்னால் 5 தாங்கும்’ என்று சொல்லும் ஒரு சிப் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சார்ஜர் 3-ஐத் தாண்டாது. டைப் சி விதிப்படி முழு ஆம்ப் ஓடும்போது போகிற கம்பியில் 0.5 வோல்ட், திரும்புகிற கம்பியில் 0.25 வோல்ட், அதற்கு மேல் குறையக் கூடாது. நீளம் எதுவானாலும் இதே அளவுதான். ஆகவே விதியை மதிக்கிற கம்பெனி நீளத்தைக் கூட்டினால் கம்பியையும் தடிக்கவைத்தே ஆகவேண்டும். நல்ல 3 மீட்டர் 100 வாட் கேபிள் சணல் கயிறு மாதிரி விறைப்பாக இருப்பது அதனால்தான்.

21 ஜனவரி, காலை

“அப்படியானால் எல்லாம் கம்பிதானா?” இல்லை. ஒரு பக்கம் பழைய யூஎஸ்பி, மறுபக்கம் டைப் சி இருக்கும் கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கவேண்டும். அந்த மதிப்பைப் பார்த்துத்தான் எவ்வளவு இழுக்கலாம் என்று போன் தெரிந்துகொள்ளும். சிலர் அங்கே 10 கிலோ ஓம் வைத்து விற்றார்கள். போன் அதை நம்பி 3 ஆம்ப் இழுக்கப் பார்க்கும், அவ்வளவு தாங்காத பழைய சார்ஜரோ கம்ப்யூட்டர் போர்ட்டோ அடி வாங்கும். கூகிள் பொறியாளர் பென்சன் லியூங் 2015-ல் கடைகளில் விற்ற கேபிள்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து, எது சரி எது தவறு என்று எழுதிவந்தார். 2016 பிப்ரவரியில், ஒயரையே மாற்றி இணைத்திருந்த ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பைக் கெடுத்தது. சம்பளம் வாங்காமல் செய்த அந்த வேலைக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். அளந்து பார்த்து எழுதும் பழக்கம் எனக்கு வந்ததும் அதைப் படித்துத்தான்.

21 ஜனவரி, இரவு 9.00

கேள்வி கேட்டவரைப் பற்றி ஒன்று. அவர் அளந்தது பொய்யில்லை. 80-லிருந்து 100 என்று எழுதியிருக்கிறார், நான் முதல் நாளே அதைக் கவனித்திருக்க வேண்டும். பேட்டரி நிரம்ப நிரம்ப போன் தானே ஆம்பைக் குறைத்துக்கொண்டு வரும். 90-க்கு மேல் என் போனே அரை ஆம்பைத் தொடாது. அவ்வளவு குறைந்த ஆம்புக்கு எந்தக் கேபிளும் தடையாக இருக்காது. கேபிளைச் சோதிக்க 20-லிருந்து 50 வரை பாருங்கள்.

23 ஜனவரி, இரவு

எலக்ட்ரீஷியன் வந்துபோனார். நான் தேடித் தேடி 20-ம் எண் கம்பியில் 3 மீட்டர் கேபிள் வாங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். “இங்கேயே ஒரு அஞ்சு ஆம்ப் பாயிண்ட் போட்டுடலாமே சார்” என்றார்.

இத்தனை நாள் கணக்கும் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. 5 வோல்ட்டை ஒன்பது அடி இழுப்பதற்குப் பதில் 230 வோல்ட்டை இழுத்துவிட்டு, 5-ஐக் குட்டையாக வைத்துக்கொள்ளலாம். 10 வாட் சார்ஜர் 230 வோல்ட்டில் எடுப்பது சுமார் 0.05 ஆம்ப். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் போக ஆறு, வர ஆறு என்று பன்னிரண்டு மீட்டர் வைத்தாலும் குறைவது ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்குதான்.

சுவரோரம் பிவிசி கேசிங் அடித்து, தலைமாட்டிலிருந்து கை எட்டும் உயரத்தில் பாயிண்ட். எர்த்தோடு. ஒயர், கேசிங், கூலி எல்லாம் சேர்த்து 650 ரூபாய். ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டுவிடலாம் என்று முதலில் யோசித்தேன். வாக்கரோடு அப்பா எழுந்து நடக்கும்போது அந்த ஒயர் காலில் தட்டும் என்பதால் விட்டுவிட்டேன்.

27 ஜனவரி, காலை

கேள்வி கேட்டவர் மறுபடி அளந்து எழுதியிருக்கிறார்: 20-லிருந்து 50 வரை 1 மீட்டரில் 46 நிமிடம், 2 மீட்டரில் 71 நிமிடம். அவருடைய சார்ஜர் 5 வோல்ட், இரண்டு கேபிளும் ஒரே கம்பெனி. பொறுமையாக உட்கார்ந்து பார்த்ததற்கு நன்றி ஐயா.

மருத்துவமனையில் அட்டெண்டராகத் தங்கப்போகிறேன், பிளக் எங்கே இருக்குமென்று தெரியாது என்று கேட்டவருக்கு: 9 வோல்ட் சார்ஜர், 22-ம் எண் கம்பியில் 2 மீட்டர். போன் 9 வோல்ட் எடுக்காது என்றால் ஒரு பவர் பேங்கைப் பிளக் பக்கத்தில் வைத்து நிரப்பி, அதிலிருந்து குட்டைக் கேபிளில் ஏற்றிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கும் மருத்துவக் கருவிகளின் பிளக்கை மட்டும் தொடாதீர்கள், நர்ஸிடம் கேட்டுவிட்டுச் செருகுங்கள்.

27 ஜனவரி, மாலை 4.10

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இன்று வாக்கரோடு வாசல்வரை போய்வந்தார். ஒரு மணிக்கு 40-ல் செருகியது, காலட்சேபம் ஓட ஓட இப்போது 92. பெட்டியில் வந்த அதே 1 மீட்டர் கேபிள்தான்.